எறும்பு சுமந்த நாலு சொல்

அந்தக் காலத்தில், எறும்புக்கும் பேச்சு இருந்தபோது, காட்டில் செய்தி கொண்டுபோகிற வேலை மந்தி ஒருத்தியிடமே இருந்தது. ஓடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஒரே ஒரு கொடிப்பாலம். யார் எதைச் சொன்னாலும் மந்தி அதை வாயில் அடக்கிக்கொண்டு, கொடியில் தொங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். வழியில் பலாப்பழம் கண்டால் செய்தி மறுநாள்தான் போகும். யாரும் குறை சொல்லவில்லை. இருப்பது ஒரே மந்தி, குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு கோடையில் அந்தக் கரை மேட்டில் தீப்பிடித்தது. பறந்து வந்த பொறி பட்டுக் கொடிப்பாலம் அறுந்தது. மந்தி போன இடம் தெரியவில்லை. பறக்கத் தெரிந்தவையெல்லாம் புகையைக் கண்டதுமே பறந்துவிட்டன.

இந்தக் கரையில் ஆண் இருவாச்சி ஒருவன் மட்டும் சிறகு கருகிக் கிடந்தான். அவன் மனைவி அந்தக் கரை மரப்பொந்துக்குள் குஞ்சோடு இருந்தாள். பொந்தின் வாயை மண்ணால் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டிருந்தாள். புருஷன் சொல்லாமல் அந்தச் சுவரை உடைப்பதில்லை என்பது இருவாச்சி வழக்கம். அவசரப்பட்டு உடைத்தால் குஞ்சுக்குப் பாம்பு காத்திருக்கும். அவன் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். ஓடை இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை.

அப்போது அவன் காலடியில் கடுகி என்பவள் போய்க்கொண்டிருந்தாள். கடிக்கத் தெரியாத பிள்ளையார் எறும்பு அவள். கூடவே தங்கைமார் மூவர்.

"தாயி, என் வீட்டுக்காரிக்கு ஒரு சேதி சொல்லணும்," என்றான்.

"எங்க வாயிலே ஒரு நொய்யரிசி கொள்ளும், இல்லேன்னா ஒரு சொல் கொள்ளும். அதுக்கு மேலே தாங்காதுங்க."

"நாலு பேர் இருக்கீங்களே."

அவன் சொல்ல வேண்டியதும் நாலே சொல்தான்: "உள்ளே இருக்காதே, வெளியே வா." அதை உடைத்து, ஆளுக்கு ஒன்றாக வாயில் வைத்தான். ஒருத்திக்குக் கொடுத்தது மற்றவளுக்குத் தெரியாது. ஒரே வழியில் போய் எல்லோரும் ஒன்றாய்ச் சாக வேண்டாம் என்று கடுகி வழியைப் பிரித்துவிட்டாள். ஒருத்தி சருகில் மிதந்தாள். ஒருத்தி மூங்கில் மேல் ஏறினாள். கடைசித் தங்கை வேரைப் பிடித்துக்கொண்டு போனாள். கடுகி பாறைக்குப் பாறை இறங்கி ஏறினாள்.

கடுகி மூச்சிரைக்கப் பொந்தடிக்கு வந்தபோது இரண்டு தங்கைகள் முந்தியிருந்தார்கள். சருகில் வந்தவள் "வெளியே" என்றிருந்தாள். மூங்கிலில் வந்தவள் "இருக்காதே" என்றிருந்தாள். கடுகியும் தன் பங்குக்கு "உள்ளே" என்றாள்.

"அதானே பார்த்தேன். வெளியே இருக்காதே, உள்ளேயே கிடன்னு சொல்றார்," என்று இருவாச்சிப் பெண் பிளவையும் மண் வைத்துப் பூச ஆரம்பித்தாள்.

மூன்று சொல்லும் மெய், சேர்ந்ததுதான் பொய். "தாயி, மேலே தீ வருது," என்றாள் கடுகி.

"அது அவர் சொன்னதா?"

"நான் கண்டது."

"நீ கண்டது எனக்கு எதுக்கு? அவர் கொடுத்ததைச் சொல்லு."

முதலில் சொல் வாங்கியது தான்தானே, தன் சொல் எப்படிக் கடைசியில் வரும் என்று கடுகிக்கு அப்போதுதான் உறைத்தது. "அடியே, சொல் வாங்கும்போது எனக்குப் பின்னாலே நின்னது யாரு?" என்று தங்கைகளின் முகத்தோடு முகம் வைத்துத் தடவிக் கேட்டாள்.

"என் மூக்கு உன் முதுகிலேதான் இடிச்சுது அக்கா," என்றாள் மூங்கிலில் வந்தவள்.

சொல் வாங்கிய வரிசையிலேயே நின்று மறுபடி சொன்னார்கள். உள்ளே. இருக்காதே. வெளியே.

மண் பூசிய அலகு நின்றது. "வெளியே என்ன? பாம்பா, புலியா? அரைப் பேச்சைக் கேட்டுச் சுவரை இடிச்சு என் பிள்ளையைப் பறிகொடுக்க மாட்டேன்."

"இன்னும் ஒருத்தி வரணும் தாயி. மிச்சம் அவ வாயிலே இருக்கு."

புகை பொந்து வரை வந்துவிட்டது. குஞ்சு இருமியது. கடுகி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வேர்ப்பக்கமே பார்த்தாள். கடைசித் தங்கை வந்தாள், மீசை இரண்டும் கருகி, பேச்சு வராமல். கடுகி ஓடிப்போய் அவள் முகத்தில் முகம் பதித்து, வாயிலிருந்த சொல்லை வாங்கிச் சொன்னாள்.

"வா."

சுவர் உடைந்தது. தாய் குஞ்சைக் கவ்விக்கொண்டாள், எறும்புகள் அவள் கால்விரலைப் பிடித்துக்கொண்டன. அவர்கள் ஓடையைத் தாண்டும்போது மரம் பற்றியெரிந்தது.

அப்புறம் மந்தியை யார் தேடப்போகிறார்கள்? சேதி சுமக்க இந்த மரம் ஆள் கேட்டது, அந்தப் புற்று கேட்டது, காடு முழுக்க எறும்புச் சாரை பரவிவிட்டது. "உங்களில் தலைவி யார்?" என்று புலி அதிகாரமாய்க் கேட்டது. "போகும்போது முன்னால் போகிறவள், திரும்பினால் அதுவரை பின்னால் இருந்தவள்," என்றாள் கடுகி. புலிக்குப் புரியவில்லை. நரி ஒரு பொய்யைக் கொடுத்தது. அதையும் வரிசை பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சுமக்கிறவர்களுக்கு ருசி பார்க்கிற வேலை இல்லையே.

வெகுகாலம் கழித்து மனிதர்களும் சொல்லைத் துண்டு துண்டாக்கி, வழிக்கு ஒன்றாய் அனுப்பக் கற்று, அதற்கு இணையம் என்று பெயர் வைத்தார்கள். எறும்பைக் கேட்டார்களா என்று தெரியாது.

அன்று முதல்தான் எறும்புகள் சாரையாய்ப் போகின்றன, எதிரே வருகிறவளைக் கண்டால் நின்று முகத்தோடு முகம் தொட்டு விசாரிக்கின்றன. அதனால்தான், கடைசித் துண்டு வந்து சேராத செய்திக்காக நம் கைப்பேசியிலும் ஒரு சின்ன வட்டம், கடுகி மரத்தைச் சுற்றியது போல, "வா" வரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது.