ஐந்தாவது பிடி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. இது சத்தமாகச் சொல்லுகிற கதை இல்லை. புறவாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மட்டும் யாரும் உட்கார வேண்டாம். அவ்வளவுதான்.

"சாமி, எங்க வீட்டுல வாரம் அஞ்சரை நாள்ல முடிஞ்சிருது" என்றாள் முத்துப்பேச்சி.

கண்மாய்க்கரை உடைமரத்தடியில் குத்தவைத்திருந்த கஞ்சிச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

சாமி என்றதும் சடையும் தாடியுமாக நினைத்துவிடாதீர்கள். முப்பது வயசுதான் இருக்கும். முத்துப்பேச்சிக்கு அவரைவிட இருபது வயசு கூட. எந்த ஊர், யார் பிள்ளை, ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு வீட்டு வடிகஞ்சி. அதுதான் அவருக்கு ஆகாரம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடிப்பார். இது இன்னார் வீட்டுக் கஞ்சி, அந்த வீட்டில் இன்ன சங்கடம் என்று சொல்லிவிடுவார். இதனாலேயே சில பொம்பளைகள் அவருக்குக் கஞ்சி ஊற்றப் பயந்தார்கள்.

"வாரம் எப்படித் தாயே முடியும்?"

"புதன்கிழமை சந்தையில சாமான் வாங்குதேன். அது அடுத்த புதன் வரைக்கும் வரணுமா இல்லையா? திங்கக்கிழமை மத்தியானம் அரிசிப்பானை தூரு தெரியுது. செவ்வாய்க்கிழமை அடுப்புல பூனை உறங்குது."

"கூட வாங்கு."

"கூலி அம்புட்டுத்தான் சாமி."

"குறைச்சுத் தின்னு."

"மருமவ ஆறு மாசம். வயித்துப் பிள்ளைக்கு எடை ஏறலைன்னு நர்சம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாவ. இப்படியே போனா பிள்ளை தங்காதுங்காவ. எங்க வீட்டுல சின்னக் கால் ஒண்ணு ஓடணும்னு நான் கும்பிடாத கோயில் இல்ல."

சாமி ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கிளறினார்.

"உனக்குச் சமைக்கத் தெரியாதோ என்னமோ."

முத்துப்பேச்சிக்குச் சுருக்கென்றது.

சமைக்கத் தெரியாதா? அவளுக்கா?

சந்தையன்றைக்கே வாடுகிற காயை முதலில் முடிப்பாள். கத்திரிக்காயும் கீரையும் புதன், வியாழன். பீர்க்கங்காய்ச் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. பூசணிக்காய் வெள்ளிக்கிழமை சாம்பாரில். அதன் விதை காய்ந்து சனிக்கிழமை வறுவலில். ஞாயிற்றுக்கிழமை வத்தல் குழம்பு. திங்கட்கிழமை கொள்ளு. வெந்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு துவையலாகும். நடுவில் கை கடித்தால் வேலியில் முருங்கை நிற்கிறது. அவள் வீட்டுக் கோழிக்குக் கொத்தக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரும் சாமி. காய்த் தோல வச்சு விருந்து வைப்பா முத்துப்பேச்சின்னு சொல்லுவாளுவ. ஒரு மணி அரிசி வீணாப்போனா என் பேரை மாத்தி வையும்."

"கோபப்படாத. கஞ்சி கொண்டாந்தியா?"

தூக்குச் சட்டியை நீட்டினாள். நேற்று வடித்தது. சாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தார். இரண்டாவது மடக்குக் குடிக்கவில்லை. வாயிலிருந்ததையும் விழுங்காமல் பக்கத்தில் துப்பினார்.

"வீட்டுல எத்தனை பேரு?"

"நாலு. அவுக, மவன், மருமவ, நான்."

"இது அஞ்சு பேருக்கு வடிச்ச கஞ்சி."

"நாலுதான் சாமி."

"கஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது தாயே."

உச்சி வெயில். ஆனாலும் முத்துப்பேச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சாமி எழுந்து வேட்டியைத் தட்டினார். ஊருக்கு வந்த நாளிலிருந்து எவர் வீட்டு வாசலையும் மிதிக்காதவர்.

"நட. இன்னைக்குத் திங்கக்கிழமைதானே? உலை வைக்கிற நேரம்."

வீட்டில் மருமகள் வடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாமியைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ இரு மவளே. கொஞ்சம் புளியங்கொட்டை எடுத்துக்கோ. உங்க அத்தை ஒரு பிடி அரிசி போட்டா நீ ஒரு கொட்டை வை."

முத்துப்பேச்சிக்குப் படிக் கணக்கு கிடையாது. கைப்பிடிதான். தலைக்கு மூன்று பிடி போட்டாலும் சரி, பஞ்சத்தில் ஒரு பிடி போட்டாலும் சரி, ஆளை மனசுக்குள் சொல்லித்தான் போடுவாள். அவளுக்கு அவள் அம்மா காட்டிய வழி.

"வாய்விட்டுச் சொல்லிப் போடு. தலைக்கு ஒரு பிடி போதும், கணக்குப் பார்க்கத்தானே."

"இது அவுகளுக்கு" என்றாள். அரிசி முறத்தில் விழுந்தது. "இது மூத்தவனுக்கு. இது வடிவுக்கு. இது எனக்கு."

முறத்தை நகர்த்தினாள்.

"ஆச்சு சாமி. நாலு."

வடிவு கீரையை ஒதுக்கிவிட்டுக் காட்டினாள். அவள் முன்னால் ஐந்து புளியங்கொட்டைகள் கிடந்தன.

"என்னட்டி இது? எண்ணத் தெரியாதா உனக்கு?"

"அத்தை... நீங்க அஞ்சு தடவ போட்டீங்க."

"போட்டி கூறு கெட்டவளே! நாலுதான் போட்டேன்."

"திரும்பப் போடு" என்றார் சாமி.

திரும்பப் போட்டாள். இந்தத் தடவை தன் கையையே பார்த்துக்கொண்டு போட்டாள். அவுகளுக்கு. மூத்தவனுக்கு. வடிவுக்கு. எனக்கு. நான்குதான். சத்தியமாக நான்குதான்.

நிமிர்ந்தாள். சாமி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் இரண்டு மணி அரிசி ஒட்டியிருந்தது, ஈரமாக. அப்போதுதான் போட்ட மாதிரி.

ஐந்து கொட்டை.

முத்துப்பேச்சி கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"அஞ்சாவது பிடிக்கு உன் வாய் பேசல தாயே" என்றார் சாமி. "கை மட்டும் போகுது."

அப்போது வடிவு மெல்லச் சொன்னாள்.

"அத்தை, கோவிச்சுக்கிடாதீங்க. நான் கட்டி வந்த நாள்ல இருந்து அஞ்சு தட்டுதான் கழுவுதேன்."

"என்னது?"

"நாம நாலு பேரு தின்ன தட்டு. அது போக, புறவாசல் நிலையோரம் ஒண்ணு கிடக்கும். நீங்கதான் வைப்பீங்க. மாமா வாரதுக்கு முன்னாலயே முதல்ல அதுலதான் சோறு போடுவீங்க. ஏதோ உங்க வீட்டுச் சாமிக்குன்னு நினைச்சேன். புதுசா வந்தவ, எப்படிக் கேக்க?"

"அதுல இருக்கிற சோறு?"

"இருக்காது அத்தை. நாய் நக்கின மாதிரியும் இருக்காது. துணி வச்சுத் துடைச்ச மாதிரி இருக்கும்."

அடுப்பில் உலை கொதித்தது. யாரும் எழுந்து அரிசி போடவில்லை.

கடைசியில் சாமிதான் சொன்னார்.

"அஞ்சு பேருக்கும் போட்டு வடி. இன்னைக்குத் தட்டு வேண்டாம். அஞ்சு இலை அறுத்துட்டு வாங்க."

*

அய்யாக்குட்டி செங்கல் சூளையிலிருந்து மகனோடு சாப்பிட வந்தார். முத்துப்பேச்சியின் புருசன். கோபக்காரர், ஆனால் உழைப்பாளி. வீட்டுக்குள் சாமியைப் பார்த்ததும், "என்ன சாமி, கஞ்சி அலுத்துப் போச்சோ?" என்றார். பிறகுதான் இலைகளைப் பார்த்தார். நான்கு இலை வரிசையாக. ஐந்தாவது தனியாக, புறவாசல் நிலையோரம்.

"இது யாருக்கு? உமக்கா?"

"எனக்கில்ல. யாருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

அய்யாக்குட்டியின் முகம் இறுகியது.

அந்த இடம் யாருடையது என்று அந்த வீட்டில் வடிவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஏழு வருசத்துக்கு முன்னால் அவர் மகள் சீனித்தாய் ஒரு தறிக்காரப் பையனைத் தானாகவே கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டாள். மறுநாள் காலையில் அய்யாக்குட்டி ஊருணியில் தலைமுழுகினார். மண்கலயம் உடைத்தார். பதினாறாம் நாள் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. "அவ பேரை இந்த வீட்டுல எவ எடுத்தாலும் அவளுக்கும் இதேதான்" என்றார்.

முத்துப்பேச்சி எடுக்கவில்லை. வாயால் எடுக்கவில்லை.

"எங்களுக்கு நாலு இலைதான்" என்றார் அய்யாக்குட்டி. "அஞ்சாவதைத் தூக்கிப் போடுட்டி."

"முதல்ல சோறு போடு தாயே" என்றார் சாமி.

போட்டாள். கொதிக்கக் கொதிக்க ஐந்து இலையிலும் சோறு. கொள்ளு ரசம். ஒரு உருண்டை துவையல். ஓரத்தில் கீரை. இலை மூலையில் உப்பு.

"எல்லாரும் உக்காருங்க. கையை வைக்க வேண்டாம். சும்மா பாருங்க."

நான்கு இலையில் ஆவி பறந்தது. ஐந்தாவதில் பறக்கவில்லை.

ஒரே பானைச் சோறு அது.

மகன் மாடக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தான். வடிவு அவன் தொடையைப் பிடித்து அமுக்கினாள். நிலையோர இலையில் உப்பு குறைந்துகொண்டிருந்தது. ஒரு கிள்ளு. இன்னொரு கிள்ளு. பிறகு சோற்று நடுவில் ஒரு குழி விழுந்தது. ரசத்துக்காக விரல்கள் குழி பறிக்குமே, அந்த மாதிரி. நல்ல பட்டப்பகல். வெளியே கோழி கூவிக்கொண்டிருந்தது.

"என் பிள்ளையா சாமி?" முத்துப்பேச்சி அந்த இலைப் பக்கம் கையை நீட்டினாள். "செத்துட்டாளா? வந்திருக்கிறது அவளா?"

"அவ அங்க நல்லாத்தான் இருப்பா. செத்தவளுக்குப் போட்டிருந்தா செத்தவ வந்து தின்னுட்டுப் போயிருப்பா. இது உசுரோட இருக்கிறவளுக்குப் போட்ட சோறு, ஆளைச் சொல்லாமப் போட்ட சோறு. அவளாலயும் வர முடியாது. கேக்க ஆளில்லாம எத்தனை நாள் கிடக்கும்?"

"அப்போ இது யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? பசிச்சு ஏதோ வந்திருக்கு."

அய்யாக்குட்டி சிரிக்கப் பார்த்தார். "கண்கட்டு வித்தை. யோவ் சாமி, எந்த ஊருல படிச்சீரு இதை?"

சாமி நிலையோர இலைக்கு எதிரே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "எந்திரி" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. உப்பில் இன்னொரு கிள்ளு குறைந்தது.

"நான் சொன்னா எந்திரிக்காது. யாரு பங்குன்னு சொல்லணும்."

"நான் சொல்லுதேன் சாமி" என்றாள் முத்துப்பேச்சி. "எனக்குக் கலயம் உடைச்சாலும் உடைக்கட்டும்."

"நீ ஏழு வருசமா கையால சொல்லிக்கிட்டுத்தானே இருக்கே. இல்லைன்னு சொன்னவர் சொல்லணும்."

அய்யாக்குட்டி கூரையைப் பார்த்தார். சொல்லமாட்டார். அவருடைய தாடை அப்படித்தான் இறுகும். சூளையில் வெந்த கல் மாதிரி. முத்துப்பேச்சிக்குத் தெரியும்.

அப்போது வடிவு, "அத்தை" என்றாள். சின்னக் குரல்.

அவள் இலையில் ஆவி நின்றிருந்தது.

மற்ற மூன்றிலும் பறக்கிறது. வடிவின் இலையில் இல்லை. அவள் முன்னாலிருந்த உப்பு, யாரோ நகத்தால் கிள்ளின மாதிரி, ஓரத்தில் குறைந்தது. வடிவு இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு நகர முடியவில்லை.

"யய்யா!" என்று கத்தினான் மாடக்கண்ணு.

அய்யாக்குட்டியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார்.

"அந்த இலை..." என்றார். "அது எம்மவளுக்கு."

"எந்த மவ?" என்றார் சாமி.

"ஒரு மவதான்யா எனக்கு! சீனித்தாயி! எம்மவ சீனித்தாயி பங்கு அது! எவன்டா அதுல கை வச்சது? எந்திரிடா!"

புறவாசல் சாக்குப்படுதா தானாக விலகியது. காற்றே இல்லை. வெளியே படுத்திருந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டது. கோழி வாயடைத்துப் போயிற்று. யாரோ ரொம்ப மெதுவாக, வயிறு நிறையாமல், முருங்கை வரைக்கும் போய் வேலியைத் தாண்டின மாதிரி இலைகள் ஆடி நின்றன.

அய்யாக்குட்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

முத்துப்பேச்சி வடிவின் இலையை எடுத்துத் தள்ளிவிட்டு, தன் இலையை அவள் முன்னால் நகர்த்தினாள். "தின்னுட்டி. ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது" என்றாள். வடிவு அழுதுகொண்டே தின்றாள்.

சாமி நிலையோர இலையைத் தன் பக்கம் இழுத்தார். குழி விழுந்திருந்த ஆறிய சோறு.

"அய்யய்யோ, அது தின்ன எச்சில் சாமி."

"நான் தின்னாத எச்சிலா? ஒரு வீட்டுப் பிள்ளையோட பங்கு, வீணாப்போகக் கூடாது."

ஒரு பருக்கை விடாமல் தின்றார். துவையலை வழித்தார்.

பிறகுதான் முத்துப்பேச்சிக்குத் தான் கேட்கப் போன கேள்வியே ஞாபகம் வந்தது. நாளை மறுநாள் சந்தை. அதே கூலி. அதே பானை. மருமகள் வயிறு நிறைய வேண்டும்.

"சாமி" என்றாள். "புதன்கிழமையில இருந்து நான் எத்தனை பிடி போடட்டும்? நாலா, அஞ்சா?"

அய்யாக்குட்டி முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

சாமி இலையின் விளிம்பில் கை வைத்தார். எல்லோர் கண்ணும் அந்தக் கைமேல் இருந்தது. சாவு விழுந்த துட்டி வீட்டில் சாப்பிட்டால் இலையை எதிர்ப்பக்கம் தள்ளித்தான் மடிப்பார்கள், இனி இப்படியொரு சாப்பாடு இந்த வீட்டில் வேண்டாம் என்று.

சாமி அந்த இலையைத் தன் பக்கமாக மடித்தார்.