நின்று பாடிய வேணி

ஒரு பாட்டு இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. ராகம் மாறக் கூடாது. தாளமும் மாறக் கூடாது. ஆனால், கேட்பவர்களுக்கு அது புத்தம் புதிய பாட்டாக இருக்க வேண்டும். அதை எப்படிப் பாடுவது?

சொல்லுங்கள் பார்க்கலாம். தெரியவில்லையா? பரவாயில்லை. குன்றையூர் அவையிலும் முதலில் யாருக்கும் தெரியவில்லை.

குன்றையூரை ஆண்டவர் செண்டலங்காரர் என்னும் அரசர். அவருடைய தாத்தா பாட்டு எழுதுவதில் கெட்டிக்காரர். அவர் எழுதியதுதான் வேணி நாடகம். ஆரம்பம் முதல் கடைசிவரை பாட்டுதான். வேணி என்ற பெண், உடைந்துபோன ஏரியைச் சரிசெய்து தரும்படி ஓர் அரசனிடம் மண்டியிட்டுக் கெஞ்சுவாள். அரசன் மனம் இரங்குவான். மங்களம் பாடுவார்கள். எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதே நாடகம். வேணி அதே இடத்தில் மண்டியிடுவாள். அதே வரியில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அரசரும் அதே வரியில் குறட்டை விடுவார்.

அந்த வருடம் அரசர் கண்விழித்ததும் சோம்பல் முறித்தார்.

"போதும் இந்த நாடகம்! நந்தவனத்தில் நிற்கும் என் மகளின் யானைக்குட்டிக்கு அரங்கைக் கொட்டிலாகக் கொடுத்துவிட்டேன்."

ஏழு வயது இளவரசி தேனாள் கைதட்டிக் குதித்தாள். வேணியாக நடிக்கும் தையல்நாயகிக்கு உயிரே போய்விட்டது. அவளும் அவளுடைய குழுவினரும் பிழைப்பதே அந்த அரங்கை நம்பித்தான்.

அவைப்புலவர் வெண்காடர் எழுந்தார். வாய்த்துடுக்கு மிகுந்தவர்.

"நாடகம் பழசாகிவிட்டது என்பதுதானே குறை, அரசே? புதிதாகப் போட்டால் போயிற்று!"

"புதிதாகவா?" என்று துள்ளினார் அரங்கேசப் பண்டிதர். தாத்தாவின் பாட்டுகளுக்கு அவர்தான் காவல். "பெரியவர் எழுதியதில் ஓர் எழுத்து மாறினாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். ராகத்தில் கைவைத்தால் பார்த்துக்கொள்ளும்!"

அரசருக்குக் குறும்பு வந்தது.

"சரி, பண்டிதர் சொன்னபடியே ஆகட்டும். எழுத்தும் மாறக் கூடாது, ராகமும் மாறக் கூடாது. ஆனால் நாடகம் புதிதாக இருக்க வேண்டும். முடியுமா, வெண்காடா?"

"முடியும், அரசே."

"அப்பா!" என்று சிணுங்கினாள் தேனாள். "கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா?"

"மாட்டேன், செல்லம். அரங்கு உன்னுடையது. நீயும் நாடகத்தைப் பார். யானையா, நாடகமா என்று முடிவில் நீயே சொல்."

வெளியே வந்ததும் தையல்நாயகி வெண்காடரைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டீர்களே, ஐயா! ஒன்றையும் மாற்றாமல் நான் என்ன செய்ய? தலைகீழாக நின்று பாடட்டுமா?"

"தலைகீழாக வேண்டாம், தாயே. நேராக நில். அது போதும்."

அடுத்த வாரம் திரை விலகியது. மேடையில் நாடக அரசன் கால்நீட்டி அமர்ந்து கொட்டாவி விட்டான். அப்படியே நம் அரசரின் கொட்டாவி! சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வேணி வந்தாள். மண்டியிடவில்லை. இடுப்பில் வெறுங்குடம். அதை அரசன் காலடியில் கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்து நின்று, அவனை நேராகப் பார்த்து, பழைய ராகத்திலேயே பாடினாள்:

"கேளாய் மன்னா, என் குறை கேளாய்!
பாராய் மன்னா, எம் ஊர் பாராய்!
தாராய் மன்னா, ஏரிநீர் தாராய்!
வாராய் மன்னா, எம் கரை வாராய்!"

ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரலை மடக்கினாள். குற்றம் எண்ணுவதுபோல் இருந்தது.

அரசர் தூங்கவில்லை. இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டார்.

"அப்பா," என்றாள் தேனாள் உரக்க, "அவள் அரசனைத் திட்டுகிறாள்!"

பண்டிதர் பதறி எழுந்தார். "இல்லை, அம்மா! கேளாய் என்றால் கேள் என்று பொருள். வாராய் என்றால் வா என்று பொருள். அவள் கெஞ்ச வேண்டும்! அரசே, பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்!"

"எந்த எழுத்தைக் கெடுத்தோம், சுவாமி?" என்றார் வெண்காடர்.

பண்டிதர் மனத்துக்குள் பாடிப் பார்த்தார். எல்லா எழுத்துகளும் இருந்தன.

"ராகம்?"

"அதுவும்... சரிதான்."

"கேளாய் என்றால் கேட்க மாட்டாய் என்றும், வாராய் என்றால் வர மாட்டாய் என்றும் பொருள் உண்டா இல்லையா? எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே!"

"உண்டு," என்று முணுமுணுத்தார் பண்டிதர். "உண்டு என்பதற்காக அதைப் பாடுவதா?"

"தாத்தா எந்தப் பொருளில் எழுதினார்?" என்று கேட்டார் அரசர்.

"எனக்குத் தெரியாது, அரசே," என்றார் வெண்காடர். "அவரும் ஓர் அரசர். ஏரி உடைந்தபோது யாராவது அவரிடம் கெஞ்சியிருக்கலாம். யாராவது திட்டியும் இருக்கலாம்."

"அரசே, இந்தத் துடுக்குக்குத் தண்டனை உண்டு அல்லவா?" என்றார் பண்டிதர்.

அரசர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "உண்டு. வெண்காடா, நாளை முதல் என் அவைக்கு வாராய்!"

"அப்படிச் சொல்லுங்கள்!" என்று பூரித்தார் பண்டிதர். "இனி இவன் வர மாட்டான்!"

வெண்காடர் குனிந்து வணங்கினார். "உத்தரவு, அரசே. காலையில் முதல் ஆளாக வந்துவிடுகிறேன்."

அரசருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தையல்நாயகியிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கினாள், ஆனால் அவள் பார்வை இளவரசியிடமே இருந்தது.

அரசரும் மகள் பக்கம் திரும்பினார். "தேனாள், நீ சொல்."

தேனாள் மேடையில் கவிழ்ந்திருந்த குடத்தைப் பார்த்தாள்.

யானைக்குட்டி நந்தவனத்திலேயே இருக்கட்டும் என்றாள்.