ஓடுகிற எஞ்சின்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தேழு. நரைத்த தாடியும் சீடருக்குத்தான். குருவிடம் இருந்தவை இரண்டு இருக்கை கொண்ட ஒரு சின்ன விமானம், அதை நிறுத்திவைக்க ஒரு தகரக் கொட்டகை, அளந்து பேசும் வாய்.

குருவின் பெயர் ஆரணி. ரொறன்ரோவுக்கு வடக்கே, ஆண்டில் பாதி உறைந்து கிடக்கும் ஓர் ஏரிக்கரையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். சீடர் பரராசசிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்த நாள் முதலாக ட்ரக் ஓட்டுபவர். பனியும் ஐஸும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எந்தக் குளிரிலும் தன் வண்டியைப் பள்ளத்தில் விட்டதில்லை என்பதைத் தேநீர் கொடுத்தவரிடமெல்லாம் சொல்வார். கொடுக்காதவரிடமும் சொல்வார்.

இந்த வயதில் இது எதற்கு என்று மனைவி மனோன்மணி கேட்டபோது ஏதோ சொல்லி மழுப்பினார். ஆரணி கேட்டபோது மழுப்ப முடியவில்லை. ஊரில் விமானச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகளில் அவரும் ஒருவர். அந்த ஓட்டம் கால்களை விட்டுப் போனாலும் தோள்களை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தால் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். ஒருமுறையாவது அந்தச் சத்தம் தன் கையிலிருந்து வர வேண்டும், பக்கத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் கேட்டது.

அதற்கும் நேரம் குறைவு. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கூடிக்கொண்டே போனது. அடுத்த மருத்துவச் சோதனையோடு பறக்கும் அனுமதி போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் குளிர்காலத்தைத் தவறவிட்டால் பிறகு இல்லை.

இலையுதிர்காலம் முழுவதும் ஆரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நன்றாகவே பறந்தார். ஏறினார், இறங்கினார், அவளும் குறை சொல்லவில்லை. பிறகு பனி விழுந்தது. அன்றிலிருந்து அவள் அவரை மேலே போக விடவில்லை. கொட்டகையிலிருந்து ஓடுபாதைவரை தரையில் உருட்டிக்கொண்டு போவது, திரும்பி வருவது. அதுதான் பாடம்.

அங்கேதான் மனிதரின் மானம் போனது. தரையில் விமானத்தைத் திருப்புவது கால்கள். முன்னால் இருக்கும் கைச்சக்கரத்தை எவ்வளவு முறுக்கினாலும் அது திரும்பாது, காலடியில் இருக்கும் மிதிகளைத்தான் அழுத்த வேண்டும். பரராசசிங்கத்துக்கு இது தெரியும், இலையுதிர்காலத்தில் சரியாகச் செய்தும் காட்டியவர். ஆனால் விமானத்தின் உருளும் சில்லுகளுக்குக் கீழே ஐஸைக் கண்டதும் கைகள் பழைய ட்ரக்குக்கே திரும்பிவிட்டன. சக்கரத்தைப் பிடித்து முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். விமானம் தன்பாட்டுக்கு நேரே போய்ப் பனிமேட்டில் முட்டப் பார்த்தது.

ஆரணி திட்டவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்காரச் சொன்னாள். எஞ்சினை அவள் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வயது மனிதர் அன்று மத்தியானம்வரை தன் கைகளின்மேல் உட்கார்ந்தபடி காலால் விமானம் உருட்டினார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“டீச்சர், என்னை எப்ப தனிய விடுவியள்?”

“ஐஸில வழுக்கினா என்ன செய்வியள்?”

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவர் இத்தனை நாளாகக் காத்திருந்தார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று தொடங்கி, மலைப்பாதை ஒன்றில் தான் தப்பிய கதைவரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஆரணி முழுவதையும் கேட்டாள். பிறகு “வாங்கோ” என்று எழுந்தாள்.

கொட்டகைக்குப் பக்கத்தில் எரிபொருள் தொட்டிக்கு முன்னால் கண்ணாடி போல உறைந்த இடம் ஒன்று இருந்தது. அங்கே விமானத்தைக் கொண்டுபோய் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொன்னாள். எஞ்சின் இருப்பதிலேயே மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. விமானம் தானாக நகர்ந்தது. நகர்ந்து வேகம் பிடித்தது. அவர் பிரேக்கைத் தொட்டார். சில்லு நின்றது, விமானம் நிற்கவில்லை. திரும்பவும் தொட்டார். கண்ணாடிக்கு வெளியே பனிமேடு பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஆரணி கையை நீட்டி, பலகையில் இருந்த சிவப்புக் குமிழை வெளியே இழுத்தாள். எஞ்சின் அணைந்து மூக்கில் சுழன்ற விசிறி நின்றது. விமானம் இன்னும் கொஞ்சத் தூரம் வழுக்கிவிட்டு, பனிமேட்டுக்கு இப்பாலே சோர்ந்து நின்றது.

பரராசசிங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. நடு வழியில் எஞ்சின் அணைவதைவிடக் கேவலம் ட்ரக்காரர்கள் மத்தியில் வேறில்லை. அப்படி அணைந்தவனின் பெயர் அடுத்த தேநீர்க் கடைக்கு அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

“ஓடுற எஞ்சினை ஆராவது நிப்பாட்டுவினமோ?”

“ட்ரக்கில எஞ்சின் சில்லைப் பிடிக்கும், அங்கிள். இது காத்தைத்தான் பிடிக்கும். ஓடுமட்டும் இழுக்கும்.”

இறங்கித் தள்ளச் சொன்னாள். இருவரும் விமானத்தைக் கையால் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள்.

அடுத்த வாரமும் அதே இடம், அதே பிரேக். அவளே குமிழை இழுத்தாள், இருவரும் தள்ளினார்கள். அதற்கடுத்த வாரமும் தள்ளினார்கள். எந்த நாள் தனியே விடுவாள் என்று தெரியாததால் மனோன்மணியும் இரண்டு ட்ரக் நண்பர்களும் சனிக்கிழமைதோறும் ரோல்ஸ் கட்டிக்கொண்டு வந்து வேலிக்கு உள்ளே நின்றார்கள். விமானம் தள்ளப்படுவதைப் பார்த்துவிட்டு ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

“விளங்குது டீச்சர், ஆனா கை போகுதில்லை,” என்றார் பரராசசிங்கம். “ஓடுற எஞ்சின்தான் இவ்வளவு காலமும் என்னை வீட்டை கொண்டுவந்து சேர்த்தது.”

“அப்ப இன்னும் தள்ளுவம்,” என்றாள் ஆரணி.

மாசி பிறந்தது. ஒரு சனிக்கிழமை அவருடைய கை போனது. தயங்கித் தயங்கி, பிந்தித்தான் போனது, ஆனால் குமிழை அவரே இழுத்தார். வழக்கம்போலத் தள்ளினார்கள்.

மறு சனிக்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. மூக்கு மரத்துப்போகும் குளிர். உப்புத் தூவினது போலச் சிறகுகளில் படிந்திருந்த உறைபனியை ஒரு துகள்கூட மிச்சம் வைக்காமல் துடைத்தார்கள். இருவருமாக ஒரு சுற்றுப் பறந்து இறங்கினார்கள். ஓடுபாதை ஓரத்தில் ஆரணி நிறுத்தச் சொன்னாள். பெல்ட்டைக் கழற்றினாள், இறங்கினாள்.

“ஒரேயொரு சுற்று. இறங்கினதும் நேர கொட்டகைக்கு வாங்கோ.”

கதவைச் சாத்திவிட்டு நடந்து போய்விட்டாள்.

ஒரு ஆள் குறைந்த விமானம் அவர் நினைத்ததற்கு முன்பாகவே தரையை விட்டது. பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. சத்தம் முழுவதும் அவருடையது. எந்தச் சத்தத்துக்கு அஞ்சி மண்ணுக்குள் முகம் புதைத்தாரோ அந்தச் சத்தம், அவர் கை கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது.

ஏரிக்கு மேலே திரும்பினார். கீழே உறைந்த தண்ணீரில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களின் குடிசைகள் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. சத்தம் கேட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

பரராசசிங்கம் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். நாற்பது வருடமாகத் தூக்கிச் சுமந்த தோள்கள் இறங்கிவிட்டதை அவர் அப்போதுதான் கவனித்தார். ஊர்ப் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தையை வானம் அதிரச் சொன்னார். அதைக் கேட்க அங்கே ஆளில்லை.

இறக்கத்திலும் பிழை வரவில்லை. சில்லு பனியைத் தொட்டது அவருக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகையை நோக்கி உருட்டினார். அங்கே மனோன்மணி ரோல்ஸ் பொட்டலத்தோடு முன்னுக்கு வந்து நின்றாள். நண்பர்கள் இரண்டு பேரும் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரணி இன்னும் தூரத்தில் ஓடுபாதை ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஏரிப்பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது. வாலைத் தள்ளியது. விமானத்தின் மூக்கு மெல்லத் திரும்பி, அந்த மூன்று பேரையும் பார்த்தபடி வழுக்கத் தொடங்கியது. அவர்களோ தங்களிடம்தான் வருகிறார் என்று நினைத்துக் கை காட்டினார்கள். மனோன்மணி இன்னும் இரண்டு அடி முன்னால் வந்தாள். விசிறி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

கால் பிரேக்குக்குப் போனது. பிடிக்கவில்லை. கைகள் சக்கரத்துக்குப் போகவில்லை. நேரே சிவப்புக் குமிழுக்குப் போயின. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, போனில் பதிவாகிக்கொண்டிருக்க, வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்டு வாங்கிய அந்தச் சத்தத்தைப் பரராசசிங்கம் தன் கையாலேயே நிறுத்தினார்.

விமானம் சத்தமில்லாமல் வழுக்கி வந்து நின்றது. மனோன்மணி கையை நீட்டியிருந்தால் அசையாமல் நின்ற விசிறியைத் தொட்டிருக்கலாம். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

“ச்சே, கடைசி நேரத்தில எஞ்சின் நிண்டுபோச்சு,” என்றார் நண்பர் ஒருவர், போனை இறக்கியபடி.

“நிக்கேல்லை,” என்றார் பரராசசிங்கம். “நான்தான் நிப்பாட்டினனான்.”

அவர் அதை மறைக்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

ஆரணி வந்து சேர்ந்தாள். ஐஸில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தாள், விசிறிக்கும் மனோன்மணிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பரராசசிங்கம் இறங்கி அவள் முன்னால் நின்றார்.

“டீச்சர், நான் சரியோ?”

அவள் சிறகுக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். நண்பர்களும் மனோன்மணியும் வந்து பிடித்தார்கள். எல்லோருமாக விமானத்தை மணல் தூவிய இடத்துக்குத் தள்ளி, அதன் மூக்கை ஓடுபாதைப் பக்கம் திருப்பினார்கள். காற்று அடங்கியிருந்தது. ஆரணி ஏரிக்கு மேலே நின்ற சூரியனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள்.

“வெளிச்சம் இன்னும் கிடக்கு. ஏறுங்கோ, அங்கிள். இந்தமுறை எத்தனை சுற்றெண்டு நீங்களே முடிவெடுங்கோ.”