சேற்றுப் பள்ளத்துக்குப் பதின்மூன்று ஓட்டு

கருவேலங்காட்டுக் குளத்தில் சித்திரை பாதியிலேயே தண்ணீர் ஆமையின் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. கரடி கரியப்பன் ஒரு காலையில் குளத்துக்கு வந்து, தாகத்தில் ஒரே மூச்சாக உறிஞ்சியது. கால்வாசிக் குளமும் ஒரு தவளையும் உள்ளே போய்விட்டன. கரடி தும்மியது. தவளை வெளியே வந்து விழுந்தது. தண்ணீர் வரவில்லை.

அன்றைக்கே கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்துக்குத் தலைமை கீரி செவத்தியான். அறிவாளி என்று யாரும் அதைச் சொன்னதில்லை. பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அதனால் தலைவர் ஆக்கியிருந்தார்கள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் நாற்பது பேர். காட்டுப்பன்றிகள் பதின்மூன்று. தவளைகள் பத்து. கரடியும் குரங்குகளுமாக ஒன்பது. மான்களும் முயல்களுமாக எட்டு. இன்னும் ஐந்து நாளில் குளம் வற்றிவிடும், அதற்குள் எல்லாரும் ஒரே இடத்துக்குக் குடிபோக வேண்டும் என்று முடிவானது. தனித்தனியாகப் போனால் சிறுத்தைக்கு வசதியாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எங்கே போவது? கொக்கு நெட்டையன் பறந்து சுற்றிவிட்டு வந்து நான்கு இடங்களைச் சொன்னது. மலைமேல் ஒரு பாறைச் சுனை. கிழக்கே ஒரு தாமரைக் குட்டை. ஓடைக்கு அப்பால் ஒரு மூங்கில் மடு. தெற்கே ஒரு சேற்றுப் பள்ளம்.

“சேற்றுப் பள்ளத்துல ஒரு மரக்கட்டை கிடக்குது. நல்ல பெரிய கட்டை” என்றது கொக்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு தடவை கொட்டாவி விட்டுச்சு” என்றும் சேர்த்துக்கொண்டது.

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பன்றிகளின் தலைவி கொம்பாயி மட்டும், அந்தக் கட்டையைத் தனக்கு நெடுநாளாகத் தெரியும், பன்றிகளிடம் அது வாலாட்டாது என்றது.

செவத்தியான் முதலில் எல்லாரையும் பிடித்த இடத்தின் பெயரைக் கத்தச் சொன்னது. எதற்குச் சத்தம் அதிகமோ அதற்கு வெற்றி. பத்துத் தவளைகளும் தொண்டையை உப்பி “தாமரைக் குட்டை, தாமரைக் குட்டை” என்று ஆரம்பித்தன. மற்ற எவர் குரலும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகும் தவளைகள் நிறுத்தவில்லை. தவளைத் தலைவன் தவசியிடம் போய், வாக்கெடுப்பு எப்போதோ ரத்தாகிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. தெரியும், ஆனால் சுருதி சேர்ந்துவிட்டது, பாதியில் விட மனம் வரவில்லை என்றது தவசி.

ஒரு நாள் போயிற்று.

மறுநாள் கூழாங்கல் முறை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொருவரும் ஒன்று முதல் ஐந்து கல் வரை போடலாம். மிகவும் பிடித்தால் ஐந்து, பிடிக்காவிட்டால் ஒன்று. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

கரடி நான்கு இடத்துக்கும் ஐந்தைந்து கல் போட்டது. ஏன் என்று கேட்டதற்கு, எல்லாமே தண்ணீர்தானே என்றது. மான்கள் எந்த இடத்தின் மனமும் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் மூன்று மூன்றாகப் போட்டன. தவளைகள் தாமரைக் குட்டைக்கு ஐந்து போட்டுவிட்டு, மற்றக் குவியல்கள் சின்னதாக இருப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு அவற்றுக்கும் ஐந்து போட்டன. பன்றிகளால் குளம்பில் கல்லை எடுக்க முடியவில்லை. மூக்கால் தள்ளின. எத்தனை தள்ளின என்று அவற்றுக்கே தெரியாது.

செவத்தியான் எண்ணி முடித்தபோது நான்கு குவியலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன. ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கல்தான் வித்தியாசம். அதையும் மறுபடி எண்ணலாம் என்று குனிந்தபோது ஒரு பன்றிக்குட்டி குவியல்கள் மேல் புரண்டுவிட்டது.

இரண்டாவது நாளும் போயிற்று. குளத்தில் இப்போது ஆமையின் கணுக்கால்தான் நனைந்தது.

மூன்றாம் நாள் செவத்தியான் கறாராகச் சொல்லிவிட்டது. ஒருவருக்கு ஒரே ஓட்டு. பிடித்த இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதற்கு அதிக ஓட்டோ அங்கே எல்லாரும் போக வேண்டும். பேச்சு மாறக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். இதைவிட நியாயமான முறை என்ன இருக்கிறது?

பத்துத் தவளைகளும் தாமரைக் குட்டை என்றன. கரடியும் குரங்குகளும் பாறைச் சுனை என்றன. அங்கே தேன்கூடும் இலந்தையும் உண்டு. மான்களும் முயல்களும் மூங்கில் மடு என்றன. பன்றிகள் பதின்மூன்றும் ஒரே குரலில் சேற்றுப் பள்ளம் என்றன.

சேற்றுப் பள்ளம் பதின்மூன்று, தாமரைக் குட்டை பத்து, பாறைச் சுனை ஒன்பது, மூங்கில் மடு எட்டு.

மருதாயி என்ற மான் மெல்ல எழுந்து, தங்கள் இருபத்தேழு பேருக்கும் அந்தப் பள்ளம் பிடிக்கவே பிடிக்காது என்றது.

“அதை யாரும் கேக்கலையே” என்றது செவத்தியான். “பிடிச்ச இடம் எதுன்னுதான் கேட்டோம். பதின்மூணுதான் பெருசு. போயாகணும்.”

போனார்கள். பன்றிகள் முன்னால் பாடிக்கொண்டு போயின. மற்றவர்கள் பின்னால் காலைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

பள்ளத்தில் இறங்கியதும் பன்றிகள் சேற்றில் படுத்து உருண்டன. மற்றவர்கள் கரையோரமாகத் தண்ணீரில் வாய் வைத்தார்கள். கொக்கு சொன்ன மரக்கட்டை நடுவில் கிடந்தது. அது மெதுவாக அருகே வந்தது. பிறகு கண்ணைத் திறந்தது.

“எல்லாருமே வந்துட்டீங்களா?” என்றது முதலை. அதன் குரல் அன்பால் குழைந்தது. “நான் நாளைக்கு ஒருத்தர் நாளான்னிக்கு ஒருத்தர்னு வருவீங்கன்னு நெனச்சேன். பரவாயில்லை, இருக்கட்டும். யாரும் நெருக்கியடிக்க வேண்டாம்.”

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சரியாகச் சொல்வதில்லை. கரடி ஓடியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரு குரங்கு வால் நுனி மயிரைப் பறிகொடுத்தது. மருதாயியின் பின்னங்கால் முதலையின் பல்லில் உரசி ரத்தம் வழிந்தது. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் காலே போயிருக்கும். தவளைகள் பத்தும் கரடியின் முதுகில் ஏறித் தப்பின. பன்றிகளை முதலை தொடவில்லை. அவை கடைசியாகச் சாவகாசமாக எழுந்து வந்தன. கொம்பாயிதான் நொண்டி வந்த மானுக்கு முட்டுக்கொடுத்துக் காடு வரை கூட்டிவந்தது.

செவத்தியான் வளைக்குள் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது. மருதாயியின் காலை நினைத்து அதற்குச் சாப்பாடே இறங்கவில்லை. தான் எதையும் ஏமாற்றிச் செய்யவில்லை, சரியாகத்தான் எண்ணினோம், பிறகு எப்படி இப்படி ஆயிற்று என்று மனைவி வெள்ளையம்மாவிடம் புலம்பியது. வெள்ளையம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அதற்கு வேறு கவலை.

“சாப்பிட என்ன வேணும்?” என்று கேட்டது.

“ஏதாவது.”

“எலி இருக்கு, ஓணான் இருக்கு, காடை முட்டை இருக்கு, நேத்துப் பிடிச்ச பாம்பு பாதி இருக்கு. எது வேணும்?”

“எதுவா இருந்தாலும் சரி” என்றது செவத்தியான்.

“உன்கிட்ட இப்படிக் கேட்டா விடிஞ்சாலும் பதில் வராது. எலியா, ஓணானா?”

“எலி.”

“எலியா, முட்டையா?”

“முட்டை.”

“முட்டையா, பாம்பா?”

“முட்டைதான். பாம்பு நேத்தைக்குள்ளது.”

வெள்ளையம்மா முட்டையை எடுத்து முன்னால் வைத்தது. செவத்தியான் முட்டையைத் தொடவில்லை. அதையே உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து வெளியே ஓடியது. போகிறவர் முட்டையை உடைத்தாவது வைத்துவிட்டுப் போகக் கூடாதா என்று வெள்ளையம்மா பின்னாலிருந்து கேட்டது காற்றில் போயிற்று.

நான்காம் நாள் காலை செவத்தியான் ஒரு நாவல் மரத்தடியில் எல்லாரையும் நிறுத்தியது. முதலில் மருதாயியிடம் மன்னிப்புக் கேட்டது. பிறகு புது முறையைச் சொன்னது. இனி நான்கையும் மொத்தமாகக் கேட்பதில்லை. இரண்டு இரண்டாகக் கேட்கப்படும். இந்த இடம் என்பவர்கள் மரத்துக்கு இடப்பக்கம், அந்த இடம் என்பவர்கள் வலப்பக்கம். நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

நான்கு இடங்களுக்கு ஆறு ஜோடி வந்தது. ஆறு தடவை நடக்க வேண்டும் என்று கேட்டதும் கரடி உட்கார்ந்துவிட்டது. முதலையை நினைவூட்டியதும் எழுந்துகொண்டது. இந்த நேரம் பார்த்துக் கொக்கு நெட்டையன் பறந்து வந்து, வழியில் இன்னும் பதினோரு குட்டை கண்டதாகச் சொல்லிற்று. அத்தனையையும் ஜோடி சேர்த்தால் கார்த்திகை மழை வரை நடக்க வேண்டியிருக்கும் என்று செவத்தியான் கும்பிட்டு அனுப்பிவைத்தது.

முதலில் சேற்றுப் பள்ளமும் தாமரைக் குட்டையும். பன்றிகள் பதின்மூன்றும் ஒரு பக்கம் போயின. மற்ற இருபத்தேழு பேரும் மறுபக்கம் ஓடினார்கள். சேற்றுப் பள்ளத்தைச் சுனையோடு வைத்தாலும் அதே கதை. மடுவோடு வைத்தாலும் அதே கதை. எதோடு நின்றாலும் பள்ளம் தோற்றது.

பிறகு மூங்கில் மடுவும் தாமரைக் குட்டையும். தவளைகள் பத்தும் குட்டைப் பக்கம் குதித்தன. மான்களும் முயல்களும் மடுப் பக்கம் நின்றன. கரடியும் குரங்குகளும் மூங்கில் குருத்தை நினைத்து மடுப் பக்கம் வந்தன. பன்றிகளும் கிழங்கு தோண்டலாம் என்று அங்கேயே வந்தன. முப்பதுக்குப் பத்து.

அடுத்து மூங்கில் மடுவும் பாறைச் சுனையும். மலையேற முடியாத தவளைகள் மடுப் பக்கம் வந்தன. பன்றிகளும் அப்படியே. முப்பத்தொன்றுக்கு ஒன்பது.

கடைசி ஜோடியில் குட்டையும் சுனையும் மோதின. அதை யாரும் கவனிக்கவில்லை. மூங்கில் மடு எல்லாவற்றையும் வென்றுவிட்டது என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தவசி மட்டும் குட்டைப் பக்கம் நின்று சுருதி பிடித்துக்கொண்டிருந்தது.

கொம்பாயிக்குத்தான் இது விளங்கவில்லை. தோற்றதில் அதற்குக் கோபம் இல்லை. ஆனால் போன தடவை எட்டே ஓட்டு வாங்கிக் கடைசியில் நின்ற இடம் இப்போது எப்படி முதலில் வந்தது என்று கேட்டது.

“அந்த எட்டுப் பேருக்கு மட்டும்தான் அது முதல் ஆசை. ஆனா மத்த எல்லாருக்கும் அது ரெண்டாவது ஆசை” என்றது செவத்தியான். “உங்க பள்ளம் பதின்மூணு பேருக்கு முதல் ஆசை, மத்த எல்லாருக்கும் பயம். ஒரே ஒரு பேரைச் சொல்லச் சொன்னதால ரெண்டாவது ஆசையும் தெரியலை, பயமும் தெரியலை. மக்கள் மேல தப்பில்லை கொம்பாயி. கேட்ட என் மேலதான்.”

கொம்பாயி அதைக் கொஞ்ச நேரம் மென்றது. பிறகு மடுவின் ஓரத்தில் சேறு இருக்குமா என்று மட்டும் கேட்டது. இருக்கும் என்று மருதாயி சொன்னது. பன்றிகளுக்கு அது போதுமாயிருந்தது.

ஐந்தாம் நாள் விடிந்ததும் நாற்பது பேரும் மூங்கில் மடுவுக்குக் கிளம்பினார்கள். மருதாயி நொண்டி நொண்டி நடந்தது. பன்றிகள் அதன் இரண்டு பக்கமும் நடந்தன. மடுவில் தண்ணீர் மானின் மார்பு வரை இருந்தது. கரடி வந்த வேகத்தில் குடித்தது, மடு குறையவில்லை. தவளைகள் மூங்கில் நிழலில் இறங்கிப் பார்த்து, தாமரை இல்லாவிட்டாலும் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டன. அந்தக் கோடை முழுவதும் ஒருவர்கூடக் குறையாமல் அங்கே இருந்தார்கள்.

பலவற்றுள் ஒன்றைப் பலர் கூடித் தேர்ந்தெடுக்கும்போது, ஓட்டைச் சரியாக எண்ணினால் மட்டும் போதாது. கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும்.