ஒரு கரண்டி உறைமோரும் என் மகா சட்டமும்

நாணல்கோட்டை ராஜா வீரகேசரிக்கு நான்தான் சட்டம் எழுதுகிறவன். பெயர் வரகுணன். மகா அறிவாளி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

ஒருநாள் கடல் வணிகன் ஒருவன், கண்ணுக்குத் தெரியாததையும் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்றை ராஜாவுக்குப் பரிசளித்தான். ராஜா அதில் ஒரு சொட்டு மோரைப் பார்த்தார். உள்ளே கோடி உயிர்கள் மொய்ப்பதைக் கண்டு ஆடிப்போனார். "என்னைக் கேட்காமல் என் அரண்மனைக்குள் இவர்கள் எப்படி வந்தார்கள்? உடனே சட்டம் போடு" என்றார்.

வெற்றிலையை மென்றபடி எழுதித் தள்ளினேன். பெயரும் ஊரும் பதியாத எந்த உயிரும், கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அரண்மனைக்குள் நுழையக் கூடாது. கொண்டுவருகிறவருக்கு நாடு கடத்தல். சபை கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே மடைப்பள்ளி வஞ்சியம்மாள் சிக்கினாள். தயிர் தீர்ந்துபோனதால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் இரவல் வாங்கி வந்திருக்கிறாள். வாசல் காவலன் கிண்ணத்தைப் பிடுங்கி, உள்ளே இருப்பவர்களின் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டானாம். பாவம், அவள் என்ன சொல்வாள்? சாயங்காலத்துக்குள் எல்லை தாண்ட வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

பன்னிரண்டு வருஷமாக எனக்குச் சோறு போட்டவள். "எழுதுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா. உறை ஊற்றாமல் பால் எப்படித் தோயும்?" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. தயிரையும் மாடுதான் தருகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ராஜாவிடம் ஓடினேன். பல்லைக் குச்சியால் சுரண்டி அந்தக் கண்ணாடியில் பார்க்கும்படி கெஞ்சினேன். பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மோரைவிட அங்கே கூட்டம் அதிகம். வயிற்றில் இன்னும் எத்தனையோ கோடி இருக்கும் என்று அரண்மனை வைத்தியர் வேறு எடுத்துக் கொடுத்தார்.

"இத்தனை பேரையும் பெயர் பதியாமல் தினமும் வாசல் வழியே அழைத்து வருகிறீர்கள், மகாராஜா. வஞ்சியம்மாள் கொண்டுவந்தது ஒரே கரண்டி. சட்டப்படி இரண்டு பேரும் கிளம்ப வேண்டியதுதான். நல்லவேளை, வழித்துணைக்கு ஆள் இருக்கிறது."

அப்படியானால் இவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று கேட்டார் ராஜா.

"ஆளைப் பார்க்க வேண்டாம், செய்கிற வேலையைப் பார்ப்போம். பாலைத் தோய்த்தால் குடிமக்கள். வயிற்றைக் கெடுத்தால் குற்றவாளிகள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வஞ்சியம்மாளை விடுவித்தார். புதுச் சட்டத்துக்கு முத்திரையும் குத்தினார். நான் மெதுவாக மீசையை முறுக்கிக்கொண்டேன்.

"அருமையான சட்டம், வரகுணா. ஆனால் தோய்த்ததா, கெடுத்ததா என்று யாராவது தின்று பார்த்தால்தானே தெரியும்? இனிமேல் இந்த நாட்டில் புளிக்கிற ஒவ்வொரு பானையிலும் முதல் வாய் உனக்குத்தான்."