மருதமரம் சாய்ந்த பிறகு

கேளுங்கள் பிள்ளைகளே! ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலத்தில் மாறன்குடி என்றொரு ஊர் இருந்தது. ஊர் நடுவே ஒரு மருதமரம். ஊரை உண்டாக்கியவர்கள் முதல் சத்தியத்தை அதன் அடியில்தான் செய்தார்களாம். அதிலிருந்து அங்கே யார் வாக்குக் கொடுத்தாலும் மரத்தைத் தொட்டுத்தான் கொடுப்பார்கள். தொட்டுச் சொன்ன சொல் தவறியதே இல்லை.

அம்மியையும் நகர்த்தும் ஆடிக் காற்றில் ஒருநாள் மரம் வேரோடு சாய்ந்தது. ஊரே கூடி அழுதது. அழுது முடித்ததும் வேறொரு பேச்சுக் கிளம்பியது.

கோயில் விளக்குக்கு எண்ணெய் தருவதாகச் சொன்ன வியாபாரி, “மரமே இல்லை, வாக்கு ஏது?” என்றார்.

வயலுக்கு எருவாக ஆட்டுக்கிடை போடுவதாகச் சொன்ன மந்தைக்காரர், “மரமே இல்லை, வாக்கு ஏது?” என்றார்.

நாச்சியின் கேழ்வரகு நாற்றுக்குத் தன் கிணற்றுத் தண்ணீர் தருவதாகச் சொன்ன சொக்கனும், “மரமே இல்லை, வாக்கு ஏது?” என்றான்.

நாச்சி தனியாளாய் நிலம் பார்ப்பவள். நாற்றங்காலில் போய் நின்றாள். நாற்றெல்லாம் மஞ்சளாகி நுனி கருகிக் கிடந்தது. அது போனால் அந்த வருஷம் அவளுக்குக் கூழே இல்லை.

அவளும் சொக்கனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அவன் நிலத்தை உழத் தன் மாடுகளைத் தருவதாக.

“மாட்டை அவிழ்க்காதே தங்கச்சி! அவன் தரிசைப் பார்த்துக்கிட்டு உட்காரட்டும்” என்றார் பக்கத்துத் தெருவில் இருந்த அவள் அண்ணன்.

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மாட்டுக்குத் தவிடு வைக்கும்போதெல்லாம் சொன்ன சொல் முள்ளாய் உறுத்தியது.

மறுநாள் காலை மாடுகளை ஓட்டிக்கொண்டு சொக்கனின் நிலத்துக்குப் போனாள்.

“என்ன நாச்சி, மரம் விழுந்தது தெரியாதா?” என்று சிரித்தான் சொக்கன்.

“மரம்தானே அண்ணே விழுந்தது? சொன்ன நான் முழுசா நிற்கிறேனே! ஏரைக் கொண்டுவாங்க.”

பக்கத்து வரப்பிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: “ஏன்டா சொக்கா, நீயும் மரத்தோட விழுந்துட்டியா?”

சொக்கன் தலை கவிழ்ந்தான். ஏரைத் தொடவில்லை. மாடுகளை நேரே கிணற்றடிக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் இறைக்கும் கமலையில் பூட்டினான்.

“உழவு நாளைக்கு ஆகட்டும். முதலில் உன் நாற்று குடிக்கட்டும், தாயி” என்றான்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. சேதியும் கூடவே ஓடியது. பொழுது சாய்வதற்குள் கோயிலுக்கு எண்ணெய் போனது. வயலுக்கு ஆடுகள் வந்தன.

மரம் இருந்த இடம் வெறுமையாகத்தான் கிடந்தது. பார்த்தவர் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதன்பிறகு மாறன்குடியார் வாக்குக் கொடுக்க எதையும் தொடவில்லை. களத்திலோ கடைத்தெருவிலோ, நின்ற இடத்தில் நின்றே சொன்னார்கள், சொன்னபடி செய்தார்கள்.

சாட்சி மறைந்து போனாலும், கொடுத்த வாக்கைக் கொடுத்தவர்தான் காக்க வேண்டும்.