பொத்தானை அழுத்தியவர்

"லூர்துராஜ் பட்டையைக் கழற்றிக் கொடுத்துட்டார், டாக்டர். சாயங்கால பஸ்ல கீழே போறாராம்."

குணாளன் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

டாக்டர் மங்கையர்க்கரசி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் ஒன்று உள்ளே வந்து, மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவு வழியே போய்க்கொண்டிருந்தது.

போதையை விட வந்தவர்கள் தங்கும் மலை இல்லம் அது. குணாளன் உருவாக்கிய பட்டையை அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்தார்கள். ஊசிக்கோ பொடிக்கோ மனம் துடித்தால் அதிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மாடியறைத் திரையில் ஒரு புள்ளி ஒளிரும். துடிப்பு எப்போது எழுகிறது, எப்படி அடங்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. டாக்டர் அதற்கு வழிகாட்டி. வயதில் குணாளன்தான் மூத்தவர்.

"போனா பிழைக்க மாட்டார். போன தடவை மூச்சு நின்னு போய்த்தான் தூக்கிட்டு வந்தாங்க."

"ஏன் கழற்றினார்?"

"கேட்டேன். 'அழுத்தி அழுத்தி விரல்தான் தேஞ்சுது சார், இதுல மணிகூடப் பாக்க முடியல'ன்னு சிரிக்கிறார்."

"அழுத்தினப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"பதிஞ்சேன். குறுக்கே போகக்கூடாது, டாக்டர். போனா அளவு கெட்டுடும்."

டாக்டர் தலையசைத்தார்.

"பட்டையை வச்சிட்டுப் போங்க. பஸ்ஸுக்கு முன்னாடி பதில் சொல்றேன்."

குணாளன் மாடிக்குப் போனார்.

திரையில் பெயர்கள் இல்லை. யார் எது என்று தெரிந்தால் மனம் சாயும் என்று அவரே மறைத்து வைத்திருந்தார். கறுப்பில் புள்ளிகள் மட்டும் மின்மினிகள்போல் எரிந்து எரிந்து அணைந்தன.

அன்று ஒரு புள்ளி அணையவே இல்லை.

எரிந்தது. மங்கியது. மறுபடி எரிந்தது. பொய் சொல்லாத, சோம்பாத ஒரு விரல். குணாளன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தத் துடிப்பு ஒரு கோடாக வளர்ந்தது. மலைமேல் ஏறி, சரிவில் இறங்கி, மறுபடி ஏறியது. அவரும் கோட்டோடு ஏறி இறங்கினார். மேகம் அறையை நிரப்பியது. சாப்பாட்டு மணி எங்கோ தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல் கேட்டது. லூர்துராஜைக்கூட மறந்து போனார்.

கோடு முடிந்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது.

செருப்பைத் தேடக்கூடப் பொறுக்காமல் கீழே ஓடினார்.

டாக்டர் அறையில் இல்லை. சில்வர் ஓக் மரத்தடியில், நோயாளிகள் உட்காரும் கல் பெஞ்சில், மாடிப்படிக்கு எதிராக இருந்தார். சால்வை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. முடியில் பனித்துளிகள்.

"டாக்டர்! இன்னைக்கு ஒருத்தர் காலையிலேர்ந்து அழுத்தியிருக்கார். இப்படி ஒரு கோடு இதுவரைக்கும் கிடைச்சதே இல்ல. அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா..."

டாக்டர் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார்.

மணிக்கட்டில் லூர்துராஜின் பட்டை இருந்தது.

குணாளன் குனிந்து அதைப் பார்த்தார்.

"நீங்களா? எதுக்கு?"

"ஒவ்வொரு தடவை அழுத்தினப்பவும்," என்றார் டாக்டர், "அந்த மாடிப்படியைத்தான் பாத்துட்டிருந்தேன்."

கீழே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

குணாளன் திரும்பி ஓடினார். பாதை வெள்ளையாக இருந்தது. தன் கால்களே அவருக்குத் தெரியவில்லை. கற்கள் குத்துவது மட்டும் தெரிந்தது.

கேட்டுக்கு வெளியே, தன் பையின் மேல் லூர்துராஜ் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்.

"என்ன சார், எதிலயாச்சும் கையெழுத்துப் போடணுமா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மாதான் வந்தேன்."

குணாளன் ஈரத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். லூர்துராஜ் அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். கட்டைவிரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"செருப்பு எங்க சார்?"

"மாடியில."

பஸ் மேகத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்தார். இருவரும் எழவில்லை.

"ஏறலியாண்ணே? இதுதான் கடைசி வண்டி."

"தெரியும்," என்றார் லூர்துராஜ். "நீ போப்பா."